16 எம்.எம். புரொஜெக்டர்: நேராக ஸ்பீக்கரா, மிக்ஸர் வழியா?
கோபிசெட்டிபாளையம் பக்கம் நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) ஃபிலிம் படம் ஓட்டுவதென்றால் இந்தக் கேள்வி வந்துவிடும். புரொஜெக்டரின் ஸ்பீக்கர் சாக்கெட்டில் நேராக ஒரு பெட்டியைச் செருகுவது சுளுவு, ஸ்பீக்கரின் ஓம் (மின்தடை அளவு) மட்டும் பொருந்த வேண்டும். ஆனால் பழைய புரொஜெக்டருக்குள் இருக்கும் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் ஒரு ஹாலுக்குச் சரி, கோயில் மைதானத்துக்குப் பத்தாதுங்க.

மிக்ஸருக்கு (மைதான ஒலிபெருக்கி செட்டின் ஒலிக்கலவைப் பெட்டிக்கு) என்றால் அதே சாக்கெட்டிலிருந்து, ஸ்பீக்கர் லெவல் தாங்கும் டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்ற அளவாக மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக எடுங்கள். அப்போதும் புரொஜெக்டரின் ஸ்பீக்கரைக் கழற்றிவிடாதீர்கள், லோடு இல்லாமல் வால்வு செட்டை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். அப்புறம் 'ங்ங்ங்' என்று ஹம் வந்தால் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள், புரொஜெக்டரின் எர்த்தைப் பிடுங்க வேண்டாம்.

என் ஓட்டு மிக்ஸருக்கே. 16 எம்.எம். ஒளித்தடத்தில் (ஃபிலிம் ஓரத்தில் ஒலி பதிந்திருக்கும் கோட்டில்) சுமார் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் இரைச்சல்தான், ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கினால் போதும், வசனம் பளிச்சென்று கேட்கும்.