வானுக்கு சோலர் போடுகிறவர்களுக்கு: அந்தப் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள்

போன ஆடி முடிவில் என்னுடைய டொல்பின் வானின் கூரையில் சோலர் போட்டேன். கொடுத்த காசு 285,000 ரூபா. கார்த்திகையில் எல்லாவற்றையும் கழற்றினேன். இடையில் நடந்ததை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இப்போது வானைப் படுக்கை வானாக மாற்றுகிற ஆட்கள் கூடிவிட்டார்கள், அதற்கு சோலர் போட்டுத் தருகிறோம் என்கிற ஆட்கள் அதைவிடக் கூடிவிட்டார்கள்.

வான் பழையது. பின் சீற்றுகளைக் கழற்றி, பலகைக் கட்டில் அடித்து, கனடாவில் இருந்து மாமா குடும்பம் வரும்போது மன்னார், திருகோணமலை என்று போய்வரலாம் என்பது திட்டம். "வீடு வாசல் இருக்க ஏன் தெருவில படுக்கிறியள்" என்று அம்மா கேட்டா. அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. சரி, தேவை பெரிதில்லை: 12 வோல்ற் பிரிட்ஜ் ஒன்று, இரண்டு ஃபான், நாலு லைற், போன் சார்ஜ். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பற்றரியில் 60 அம்பியர் மணி (ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு அம்பியர் மணி) போதும்.

வேலை செய்தவர் வீடுகளுக்கு சோலர் போடுகிற ஒரு தம்பி. 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அதற்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். வானை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அண்ணை, வீடு இருபதுக்கு மேல போட்டிட்டன், வானுக்கு என்ன இருக்கு? சின்னப் பனல் வாங்கிக் காசைக் கரியாக்காதேங்கோ. 540 வாற் பனல் ஒண்டு போடுவம், உங்களுக்குக் கரண்ட் மிஞ்சும்." அரை நாளில் வேலை முடிந்தது. பனலுடன் 150 அம்பியர் மணிப் பற்றரி, ஆயிரம் வாற் இன்வேர்ட்டர், பனலின் கரண்டைப் பற்றரிக்கு ஏற்ற மாதிரி அனுப்புகிற சார்ஜ் கொன்ரோலர் பெட்டி ஒன்று. கொன்ரோலரின் முகப்பில் பெரிய எழுத்தில் 'எம்.பி.பி.ரி 60 அம்பியர்' என்று இருந்தது. எம்.பி.பி.ரி என்றால், பனலின் கூடிய வோல்ற்றை இறக்கி, அதற்குப் பதிலாக அம்பியரைக் கூட்டிப் பற்றரிக்குத் தருகிற நல்ல வகை. நானும் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன்.

முதல் பயணம் காரைநகர் கசூரினா கடற்கரை. இரண்டாம் இரவு விடியப்புறம் பிரிட்ஜ் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு கிலோ விளைமீன். காலையில் கதவைத் திறந்ததும் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தா. தம்பிக்கு அழைத்தேன். "சவுக்கு நிழலுக்குள்ள விட்டிருப்பியள் அண்ணை." அது உண்மைதான், வான் பாதி நிழலில்தான் நின்றது. பனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே உற்பத்தி நன்றாக விழுந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் வீட்டு முற்றத்தில் நாள் முழுக்கச் சுட்டெரிக்கிற வெயிலில் விட்டபோதும் அதே கதை. பிரிட்ஜையும் ஃபானையும் போட்டால் மூன்றாம் நாள் பற்றரி இறங்கிவிடும். கேட்டால் முகில் என்றார். ஆவணி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் முகிலாம்.

அடுத்தது ரைஸ் குக்கர். 500 வாற்தான், ஆயிரம் வாற் இன்வேர்ட்டர் தாங்கும் என்று அவரே சொன்னது. சோறு பாதி வேகும்போது இரப்பர் கருகுகிற மணம் வந்தது. கட்டிலுக்குக் கீழே கையை விட்டால், பற்றரியில் இருந்து இன்வேர்ட்டருக்குப் போகிற வயர் பிடிக்க முடியாத சூடு. 12 வோல்ற்றில் 500 வாற் எடுக்க 45 அம்பியர் போல ஓட வேண்டும். அதற்கு இழுத்திருந்தது வீட்டு வயரிங்கில் பாவிக்கிற 6 சதுர மில்லிமீற்றர் வயர். இடையில் பியூஸ் ஒன்றும் இல்லை. எந்த இடத்திலும் இல்லை. அந்த வயர் உருகி வானின் தகட்டில் தொட்டிருந்தால் பற்றரியின் கரண்ட் முழுக்க ஒரேயடியாகப் பாய்ந்து தீப் பிடித்திருக்கும், மேலே மெத்தையில் என்னுடைய இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. பற்றரியின் நேர் முனையில் இருந்து வெளிக்கிடுகிற ஒவ்வொரு வயருக்கும், முனைக்குக் கிட்ட ஒரு பியூஸ் இருக்கவேண்டும். வேறு ஒன்றும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள்.

ஐப்பசியில் மழை தொடங்கியது, ஒழுக்கும் தொடங்கியது. பனலின் சட்டத்தைக் கூரைத் தகட்டோடு ஒட்ட வைத்து எட்டு ஸ்குரூ அடித்து, துளைகளின் மேல் சிலிக்கன் பூசியிருந்தார். போட்ட நாளில் வானுக்குள் ஒரே வினாகிரி மணம். நான் ஊறுகாய்ப் போத்தல் எங்கேயோ உடைந்துவிட்டது என்று தேடினேன். பிறகுதான் விளங்கியது, அது குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கன். காயும்போது அசற்றிக் அமிலம் விடும், வெறும் இரும்பில் பட்டால் துருவை அழைத்துக்கொண்டு வரும். வாகனத்துக்கு பொலியூரித்தேன் பசை என்று வேறு இருக்கிறது. மூன்று மாதத்தில் எட்டுத் துளையில் ஐந்தைச் சுற்றித் துரு. பனலுக்கும் கூரைக்கும் இடையில் என் விரல் கூடப் போகாது. காற்று ஓடாவிட்டால் பனல் கொதிக்கும். 25 பாகைக்கு மேலே ஏறுகிற ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.35 வீதம் குறையும். வெயிலில் நிற்கிற வானின் கூரையில் 65 பாகை பெரிய விசயமே இல்லை.

கடைசியாக சுன்னாகத்தில் ரேடியோ, இன்வேர்ட்டர் திருத்துகிற ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். மத்தியான நேரம். அவர் ஒன்றும் பேசாமல் கிளாம்ப் மீற்றரை எடுத்து, பனலில் இருந்து வருகிற வயரில் பிடித்தார்: 11 அம்பியர். பிறகு பற்றரிக்குப் போகிற வயரில் பிடித்தார்: அதே 11. "தம்பி, இது எம்.பி.பி.ரி எண்டா இந்தப் பக்கம் 25க்கு மேல காட்டவேணும்." கொன்ரோலரைக் கழற்றி என் கையில் தந்தார். சவர்க்காரக் கட்டி அளவுதான் பாரம். மூடியைத் திறந்தால் ஒரு சின்னப் பலகை, இரண்டு யு.எஸ்.பி துளை, அவ்வளவுதான். உண்மையான எம்.பி.பி.ரிக்குள் செம்புக் கம்பி சுற்றிய சுருள் இருக்கும், அதனால்தான் அது பாரமாக இருக்கும். இது பி.டபிள்யூ.எம், அப்படி மாற்றத் தெரியாத சாதாரண வகை. எழுத்து மட்டும்தான் எம்.பி.பி.ரி.

பனல் நல்ல பனல்தான், அதுதான் வயிற்றெரிச்சல். வீட்டுப் பனல் 40 வோல்ற் அளவில் வேலை செய்வது. பி.டபிள்யூ.எம் அதைப் பற்றரியின் 13 வோல்ற்றுக்கு இழுத்து இறக்கிவிடும், மிச்ச வோல்ற் அப்படியே வீண். 11 அம்பியரை 13ஆல் பெருக்கிப் பாருங்கள்: 143 வாற். 540 என்று சொல்லி 2.2 மீற்றர் நீளத்தில் 28 கிலோவைக் கூரையில் சுமந்து திரிந்தது இதற்குத்தான். 18 வோல்ற்றில் வேலை செய்கிற சாதாரண 200 வாற் பனல் ஒன்றும் இதே பெட்டியில் ஏறக்குறைய இதே அளவு தந்திருக்கும். இன்னொன்று, அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் ஆகக் கூடியது 50 வோல்ற் என்று பொடி எழுத்தில் இருந்தது. பனலின் லேபிளில் திறந்த சுற்று வோல்ற், வி.ஓ.சி என்று போட்டிருப்பது, 49.6. பனல் குளிர்ந்தால் இந்த வோல்ற் இன்னும் ஏறும், பெட்டிக்கு மிச்சம் இருந்தது அரை வோல்ற்கூட இல்லை.

ஐயா வயரையும் பிளேட்டால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசியது, அதே தடிப்புச் செம்பு வயர் அளவுக்குக் கரண்ட் தாங்காது.

தம்பியிடம் போனேன். "அண்ணை, கடைக்காரன் எம்.பி.பி.ரி எண்டுதான் தந்தவன், நான் என்ன செய்ய?" அதில் பாதி உண்மையாக இருக்கலாம். ஆனால் இருபது வீட்டுக்குப் போட்டவருக்கு அந்தப் பாரம் தெரியாதா? என்னிடம் இருந்த பில்லில் 'சோலர் செற் 1' என்று ஒரே ஒரு வரி. மொடல் இல்லை, வாரண்டி இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம் என்றார்கள். ஆனால் பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும். நான் முகில், நிழல் என்று நம்பிக்கொண்டிருந்ததில் அந்த மூன்று மாதமும் போய்விட்டது.

இப்போது அதே பனல், வேறு மாதிரி நிற்கிறது. டொல்பினின் கூரை ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற விளிம்பு இருக்கிறதே, அதில் கவ்வுகிற மாதிரி ஒரு கரியர் அடித்து அதன் மேல் பனல், நாலு விரல் இடைவெளியுடன். கூரையில் ஒரு துளையும் தேவைப்படவில்லை. பழைய துளைகளை வாகனத் தகடு திருத்துகிற ரிங்கர் வேலைக்காரர் அடைத்துப் பெயின்ற் அடித்தார். பாரமான எம்.பி.பி.ரி, தடித்த செம்பு வயர், பியூஸ்கள் எல்லாம் ஐயாவின் கை. இதற்கு இன்னும் 140,000 போனது. மத்தியானம் பற்றரிப் பக்கம் 27 அம்பியர் காட்டுகிறது.

போன கிழமை கொக்குவிலில் ஒரு வான் எனக்கு முன்னால் போனது. கூரையில் பெரிய பனல், தகட்டோடு ஒட்டி. சிக்னல் வெளிச்சத்தில் நின்றபோது அதை ஓட்டியவரிடம் கொன்ரோலரைத் தூக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அது பூ மாதிரி, பாரமே இல்லை அண்ணை" என்றார் சந்தோசமாக. வானை ஓரம் கட்டச் சொன்னேன்.