ஹட்சனுக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா: பிரான்சைஸ் எந்த மாநிலத்தில் எடுப்பது?

அமெரிக்காவில் சாண்ட்விச் கடையோ டியூஷன் சென்டரோ பிரான்சைஸ் எடுக்க, அதாவது ஒரு கம்பெனியின் பெயரிலும் முறையிலும் சொந்தமாகக் கடை நடத்த, நினைக்கிற நம்மவர்கள் முதலில் விசாரிப்பது முன்பணம் எவ்வளவு, ராயல்டி (விற்பனையில் கம்பெனிக்குத் தரும் பங்கு) எத்தனை சதவீதம் என்பதைத்தான். கடை எந்த மாநிலத்தில் வரப்போகிறது என்பதை வாடகைக்கும் வரிக்கும் மட்டும் பார்க்கிறார்கள். அதே கம்பெனி, அதே ஒப்பந்தம், வரிக்கு வரி அதே வாசகம், ஆனால் கடை நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இருந்தால் ஒரு அர்த்தம், ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இருந்தால் வேறு அர்த்தம்.

நாடு முழுவதற்கும் பொதுவாக இருப்பது மத்திய அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி. 23 தலைப்புகளில் தன் விவரங்களைச் சொல்லும் ஆவணத்தை, கையெழுத்துக்கோ பணத்துக்கோ 14 நாள் முன்பே கம்பெனி உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட பிறகு கம்பெனி உங்களை எப்படி நடத்துகிறது என்பது இந்த விதியின் கவலை இல்லை. விதியை மீறினார்கள் என்றாலும் அதை வைத்து நீங்கள் நேரடியாக வழக்குப் போட முடியாது, கமிஷன்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும். மீதியெல்லாம் மாநிலத்தின் கையில்.

நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். அங்கே வாசலில் காவல் பலம். கம்பெனி முதலில் மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும். எதையாவது வேண்டுமென்றே மறைத்து விற்றிருந்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யச் சொல்லி நீங்கள் நீதிமன்றம் போகலாம். நல்ல சட்டம்தான். ஆனால் கடை ஓட ஆரம்பித்த பிறகு கம்பெனி ஒப்பந்தத்தை முறித்தாலோ, காலம் முடிந்ததும் புதுப்பிக்க மறுத்தாலோ, பிரான்சைஸ்களுக்கென்று பொதுவான பாதுகாப்புச் சட்டம் எதுவும் அங்கே இல்லை. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகம் பார்க்கப் பத்துப் பேர், அப்புறம் வீட்டில் சண்டை என்றால் எட்டிப் பார்க்க ஆளில்லை என்கிற கதை.

நியூஜெர்சி இதற்கு நேர் எதிர். பதிவு கிடையாது, யாரும் ஆவணத்தைச் சரிபார்ப்பதில்லை. ஆனால் 1971-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது, கம்பெனி வக்கீல்களுக்கு அது தலைவலி. தக்க காரணம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறிக்கவும் கூடாது, புதுப்பிக்க மறுக்கவும் கூடாது, காரணங்களை எழுதி 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். தக்க காரணம் என்றால் கடைக்காரர் நியாயமான நிபந்தனைகளை முக்கியமான அளவில் மீறியிருக்க வேண்டும். 'எங்கள் பிசினஸ் பிளான் மாறிவிட்டது' என்பதெல்லாம் இதில் சேராது. 1981-ல் ஒரு பெட்ரோல் பங்க் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: கம்பெனி நல்லெண்ணத்தோடு, உண்மையான வியாபாரக் காரணத்துக்காக முறித்தாலும், தப்பு டீலர் மேல் இல்லை என்றால் அந்தத் தொழிலுக்கு நியாயமான விலை எவ்வளவோ அதைக் கொடுத்தாக வேண்டும். யோசித்துப் பாருங்கள், ஒப்பந்தத்தில் '10 வருடம்' என்று எழுதியிருக்கும், ஆனால் ஒழுங்காக நடத்துகிறவரை பத்தாவது வருடம் சும்மா அனுப்ப முடியாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆவணத்தின் கடைசியில் மாநிலவாரியாகப் பின்னிணைப்புகள் இருக்கும், இலினாய், மின்னசோட்டா, மேரிலாண்ட் என்று வரிசையாக. இவை பெரும்பாலும் பதிவு கேட்கும் மாநிலங்களுக்காகப் போடுபவை, அதனால் நியூஜெர்சிக்குப் பக்கமே இல்லாமல் போகலாம். பக்கம் இல்லை என்பதால் சட்டம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் எல்லாருக்கும் இந்த நியூஜெர்சிச் சட்டம் பொருந்தாது: மாநிலத்துக்குள் நிலையான கடை வேண்டும், வழக்குக்கு முந்தைய 12 மாதத்தில் கம்பெனியோடு நடந்த வியாபாரம் 35,000 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும், உங்கள் விற்பனையில் 20 சதவீதத்துக்கு மேல் அந்த பிரான்சைஸிலிருந்து வர வேண்டும். வீட்டிலிருந்தோ வேனிலிருந்தோ நடத்தும் கிளீனிங் பிரான்சைஸ் என்றால் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியதே இதுதான், ஏனென்றால் வீட்டையும் வண்டியையும் சட்டம் 'கடை' என்று எடுத்துக்கொள்வதில்லை.

கலிஃபோர்னியாவில் இரண்டும் உண்டு. பிரான்சைஸ் விற்பனைக்கு நாட்டிலேயே முதலில் பதிவுச் சட்டம் போட்டது அவர்கள்தான், 1970-ல். முறிப்பதற்கு முன் தவறைத் திருத்திக்கொள்ள, 2016-லிருந்து செய்யும் புதிய, புதுப்பித்த ஒப்பந்தங்களில் குறைந்தது 60 நாள் தர வேண்டும் (கடையைக் கைவிட்டுப் போவது மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு). கடையை விட்ட பிறகு அதே தொழில் செய்யக்கூடாது என்ற ஷரத்து பொதுவாக அங்கே செல்லாது. வழக்கை வெளிமாநிலத்தில்தான் நடத்த வேண்டும் என்ற ஷரத்தும் செல்லாது என்று சட்டம் சொல்கிறது, ஆனால் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் முன் தீர்ப்பது) ஷரத்து இருந்தால் கதை மாறிவிடும். 1984-லேயே, 7-இலெவன் கடைக்காரர்கள் போட்ட வழக்கில், மாநிலச் சட்டத்தை விட மத்திய ஆர்பிட்ரேஷன் சட்டமே மேல் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் ஆர்பிட்ரேஷன் எந்த ஊரில் என்ற வரியை ராயல்டியைப் பார்க்கிற அதே கவனத்தோடு பாருங்கள்.

டெக்சாஸைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மாநிலப் பதிவிலிருந்து விதிவிலக்கு கேட்டு ஒருமுறை நோட்டீஸ் தாக்கல் செய்தால் கம்பெனி விற்க ஆரம்பிக்கலாம், முறிப்பதற்கென்று பொதுவான பிரான்சைஸ் சட்டம் கிடையாது. போட்டித் தொழில் தடையும் காலம், எல்லை எல்லாம் நியாயமாக இருந்தால் செல்லும். அளவு மீறியிருந்தால்கூட நீதிமன்றம் அதைத் தூக்கிப் போடாது, வெட்டிச் சரிசெய்து வைக்கும்.

என்னைக் கேட்டால், சொந்தச் சேமிப்பைப் போட்டு ஒரே ஒரு கடை எடுக்கிறவருக்கு நியூஜெர்சிதான், வாடகை அதிகம் என்றாலும். வாசலில் செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்துகொள்ளலாம்: 14 நாள் இருக்கிறது, ஆவணத்தின் 20-வது தலைப்பில் இப்போது கடை நடத்துகிறவர்கள், விட்டுப் போனவர்கள் பட்டியல் இருக்கிறது, போன் போட்டுக் கேட்கலாம். உள்ளே போன பிறகு வேண்டிய பாதுகாப்பை அப்படி நீங்களாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. டெக்சாஸில்தான் எடுக்கப்போகிறேன் என்றால், சரி, முறிப்பதற்கு முன் தவறைத் திருத்திக்கொள்ளும் அந்த 60 நாளை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மற்ற மாநிலங்களுக்காகப் பின்னிணைப்பில் அதை ஏற்கனவே எழுதியவர்களாகவே இருக்கலாம்.