ஹாம் லைசென்ஸ் வந்தாச்சு, எந்த மொபைல் ரிக் வாங்கலாம்?

ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்ததும், மொபைல் ரிக் (காரிலோ வீட்டிலோ வைத்துப் பேசுகிற ரேடியோ செட்) வாங்கப் போகிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி எத்தனை வாட்ஸ் என்பதுதான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடு என்றால் வாட்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ரிசீவரைப் பாருங்கள். நமக்கு ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், மறுபக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. கப்பல்கள் பேசுகிற கடல்வழி விஎச்எஃப் 156 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது. நாம் கேட்க வேண்டிய டூ மீட்டர், அதாவது விஎச்எஃப்பில் ஹாம்களுக்கான பேண்ட், 144 முதல் 146 வரை. இடையில் வெறும் பத்து மெகாஹெர்ட்ஸ். மலிவான செட்டின் முன்பகுதி ஃபில்டர் அந்த இடைவெளியில் எதையும் பெரிதாகத் தடுக்காது, பக்கத்தில் யாராவது பலமாகப் பேசினால் நம் ரிசீவர் திணறிப்போகும்.

இதை நீங்களே சோதிக்கலாம். பெரும்பாலானவர்களின் முதல் ஹேண்டி (கையடக்க செட்) பாவ்ஃபெங் யூவி-5ஆர்தான், அதில் கிட்டத்தட்ட மொத்த ரிசீவரும் ஒரே சிப்பில் அடங்கியிருக்கிறது. ரப்பர் ஆண்டெனாவில் ஓரளவு நன்றாகவே கேட்கும். அதையே மொட்டை மாடி ஆண்டெனாவில் மாட்டுங்கள், சிக்னல் கூடுவதற்குப் பதிலாக ரிப்பீட்டரே (நம் பேச்சை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் நிலையம்) காணாமல் போகும் அல்லது கரகரவென்று வேறு எதெதுவோ உள்ளே வரும். ஸ்குவெல்ச்சை, அதாவது சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்குகிற அமைப்பை, எவ்வளவு ஏற்றினாலும் இது தீராது, ஏனென்றால் கெடுதல் நடப்பது ஸ்குவெல்ச்சுக்கு முன்னால்.

அதனால் என் பரிந்துரை யேஸூ எஃப்டிஎம்-6000ஆர். 2021-ல் வந்த செட், 50 வாட்ஸ், முகப்பைக் கழற்றித் தனியாக வைத்துக்கொள்ளலாம். என் வீட்டில் மேஜைக்குக் கீழே செட்டின் உடம்பு, மேலே முகப்பு. கடற்கரை ஓர ஆண்டெனாவிலும் ரிசீவர் அசையாமல் நிற்கிறது, சாயங்காலம் துறைமுகப் பக்கம் பேச்சு அதிகமாக இருக்கிற நேரத்திலும் ரிப்பீட்டரில் பேசுபவரின் குரல் தெளிவாக வருகிறது. மூன்று வாட்ஸ் ஸ்பீக்கர், தெருவில் மைக் செட் போட்டிருந்தாலும் கேட்கும். மெனுவுக்குள் நுழைந்து தேடுவது கொஞ்சம்தான், அடிக்கடி வேண்டியது பெரும்பாலும் குமிழிலேயே கிடைக்கிறது. புதிதாக ஆஃப்செட் (ரிப்பீட்டரில் கேட்கிற, பேசுகிற அலைவரிசைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம்), டோன் (ரிப்பீட்டரைத் திறக்கிற மெல்லிய ஒலி) என்று பழகுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இதன் குறை ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். இது டூயல் பேண்ட் செட்தான், அதாவது விஎச்எஃப்பில் டூ மீட்டர், யூஎச்எஃப்பில் 70 சென்டிமீட்டர் என்று இரண்டு பேண்ட் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையை மட்டும்தான் கேட்கும். இரண்டு பேண்டையும் ஒரே சமயத்தில் கேட்பது வேறு சமாசாரம். மலிவு செட்டுகள் பலவற்றில் திரையில் இரண்டு, நான்கு வரிகள் கலர் கலராகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஒரே ரிசீவர். மாறி மாறி எட்டிப் பார்க்கும், யாராவது பேசினால் அங்கே நிற்கும், அந்த நேரத்தில் மற்ற வரியில் யார் கூப்பிட்டாலும் தெரியாது. விளம்பரத்தில் ‘டூயல் வாட்ச்’ என்று இருந்தால் இதுதான் அர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும், காசும் இருக்கிறது என்றால் ஐகாம் ஐசி-2730. ஒன்று விஎச்எஃப் ஒன்று யூஎச்எஃப் என்றும் வைக்கலாம், இரண்டையும் விஎச்எஃப்பிலேயே வைக்கலாம். புயல் நாட்களில் ஒரு காது ரிப்பீட்டரிலும் இன்னொரு காது நேரடி அலைவரிசையிலும் இருப்பது எவ்வளவு உதவும் என்பது வேலை செய்தவர்களுக்குத் தெரியும். திரையும் பெரிது, வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். ஆனால் மைக் முகப்பில் சொருகாது, உடம்பில்தான் சொருக வேண்டும், முகப்பை மாட்டுகிற ஸ்டாண்டும் தனியாக வாங்க வேண்டும். காரில் உடம்பை டிக்கியில் வைக்கிற எண்ணம் இருந்தால் மைக் எக்ஸ்டென்ஷன் கேபிளுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, செட் வாங்கியாச்சு. இனிமேல்தான் பலரும் காசைக் கோட்டைவிடுகிற இடம், கேபிள். மொட்டை மாடிக்கு 15 மீட்டர் ஆர்ஜி-58 என்கிற மெல்லிய கோஆக்ஸ் கேபிளை ஓட்டினால் டூ மீட்டரிலேயே ஏறக்குறைய பாதி பவர் கேபிளிலேயே போய்விடும். 70 சென்டிமீட்டரில், அதாவது நமக்கு அனுமதி உள்ள 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையில், 50 வாட்ஸில் 16 வாட்ஸ் மேலே போய்ச் சேர்ந்தால் பெரிது. கேட்பதிலும் அதே இழப்பு. குறைந்தது தடிமனான ஆர்ஜி-213, முடிந்தால் எல்எம்ஆர்-400. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் வேறு எங்கே வாங்கினாலும் மேலே அச்சடித்த பெயரை நம்பாதீர்கள், ஒரு விரல் நீளத்துக்குத் தோலைச் சீவிப் பாருங்கள். செம்பு வலைக்கு நடுவே உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிந்தால் அது பெயருக்குத்தான் 213. எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் கொடுத்தார்கள், சீவிக் காட்டியதும் மாற்றித் தந்தார்கள்.

ஆண்டெனாவுக்கு ஆரம்பத்தில் பெரிய செலவு வேண்டாம். 49 சென்டிமீட்டர் கம்பிகளில் செய்த கிரவுண்ட் பிளேன் (நடுவில் நிற்கும் ஒரு கம்பி, அதன் அடியில் விரிந்த சில கம்பிகள்) டூ மீட்டருக்குப் போதும், 70 சென்டிமீட்டரிலும் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பவரைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டுகிற அளவு) சமாளிக்கும், ஆனால் அங்கே சிக்னல் கொஞ்சம் வானத்தைப் பார்த்துப் போகும். உயரம்தான் முக்கியம். தரையிலிருந்து பத்து மீட்டர் என்றால் ரேடியோ அடிவானம் சுமார் 13 கிலோமீட்டர், நம்மூர் கட்டடங்கள் அதிலும் குறைக்கும். உப்புக்காற்றில் சாதாரண யூ கிளாம்ப் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துவிடும், ஸ்டெயின்லெஸ் போடுங்கள், கனெக்டர் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். தண்ணீர் உள்ளே போன கோஆக்ஸை எந்த செட்டாலும் காப்பாற்ற முடியாது.

மின்சாரம்: முழு பவரில் இந்த செட்டுகள் 11 முதல் 13 ஆம்பியர் வரை இழுக்கும், அதனால் 13.8 வோல்ட், 20 ஆம்பியர் சப்ளை. 2016 வர்தா, 2023 மிக்ஜாம் இரண்டையும் பார்த்த ஊர் இது. ஆகவே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தடிமனான வயர் ஒன்றை முதல் நாளே இழுத்து வைத்துவிடுங்கள், கரண்ட் போன பிறகு இருட்டில் வயர் தேடுவதில் அர்த்தமில்லை. லோ பவரில் வைத்தால் பேட்டரி நெடுநேரம் தாங்கும், உள்ளூர் ரிப்பீட்டருக்கு பெரும்பாலும் அதுவே போதும்.

பழைய செட் கிடைத்தால் வாங்கலாமா? தாராளமாக, கொடுப்பவர் கால்சைன் (லைசென்ஸோடு வரும் அழைப்புக் குறி) உள்ளவராக இருந்தால். வீட்டுக்கே போய் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சோதனைச் சாதனம்) மாட்டச் சொல்லி முழு பவரில் சில நிமிடம் பிடிடியை, அதாவது மைக்கில் உள்ள பேசும் பொத்தானை, அழுத்திப் பாருங்கள், பவர் மீட்டர் முள் மெல்ல இறங்குகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் இரண்டு பேண்டிலும் ரிப்பீட்டரைக் கூப்பிட்டு, எதிரில் கேட்பவரிடம் ஆடியோ எப்படி என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.