மார்ச் மாத அவசரத்தில் வாங்கிய ஐஎல்-10 குப்பி

டீலர் பெயரை இங்கே போடப் போவதில்லை. பணம் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை, அதனால்தான். ஆனால் சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதம்) வாங்குகிறவர்கள், அதிலும் எங்களைப் போல ஊர்க்கோடியில் உட்கார்ந்து வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

மண்டபம் பக்கம் ஒரு சின்ன ஆய்வகத்தில் புராஜெக்ட் ஃபெல்லோவாக இருக்கிறேன். வேலை கட்டக்கோரையில். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கப் போகும் அக்காக்கள் அதைக் கட்டக்கோரை என்பார்கள், நாங்கள் சார்காசம் என்று எழுதிக்கொள்வோம். அதன் சாறு அழற்சியைக் குறைக்குமா என்பதுதான் கேள்வி. டிஎச்பி-1 என்ற மனித ரத்தச் செல்களைக் கிருமி விழுங்கும் மேக்ரோஃபேஜாக மாற்றி, எல்பிஎஸ் என்ற பாக்டீரியாப் பொருளைக் கொடுத்தால், பாக்டீரியா வந்துவிட்டது என்று நினைத்து அவை டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தைக் கொட்டும். சாறு சேர்த்தால் அது எவ்வளவு குறைகிறது என்று, புரத அளவை மஞ்சள் நிறத்தால் காட்டும் எலைசா சோதனையில் பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க, கட்டாயம் குறைக்கும் என்று தெரிந்த ஒன்று சோதனைத் தட்டின் பக்கத்துக் குழியில் வேண்டும். அதற்குத்தான் இன்டர்லூகின்-10, சுருக்கமாக ஐஎல்-10. 1989-ல் இதை முதலில் விவரித்தபோது வைத்த பெயரே ‘சைட்டோகைன் உற்பத்தியைத் தடுக்கும் காரணி’. எதிர்ப்புச் செல்கள் எல்லை மீறும்போது அடக்கி வைக்கிற புரதம். விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானது மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்தது. இந்த ஈ.கோலை சமாச்சாரம் பின்னால் வரும்.

மார்ச் 31-க்குள் செலவு செய்யாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். இது தெரியாத டீலர் தமிழ்நாட்டில் கிடையாது. மூன்று கொட்டேஷன் வாங்கினோம், குறைந்த விலைக்காரருக்குப் போனது. 10 மைக்ரோகிராம், 14,800 ரூபாய். மற்ற இருவரும் இதற்கு ஒன்றரை மடங்கு சொல்லியிருந்தார்கள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆடிட்டுக்குப் பயந்த எவரும் யோசிப்பதில்லை.

பெட்டி சனிக்கிழமை ராமநாதபுரம் வந்து, ஞாயிறு முழுக்க கூரியர் ஆபீசில் கிடந்து, திங்கள் மதியம் கைக்கு வந்தது. ஐஸ் பேக் வெந்நீர்ப் பை மாதிரி இருந்தது. அது கூடப் பரவாயில்லை. இந்தப் புரதம் உலர்ந்த நிலையில் வந்தால் இரண்டு மூன்று நாள் வெளிச்சூட்டைத் தாங்கும். குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். உலர்ந்த புரதம் என்றால் அடியில் ஒட்டிய மெல்லிய படலம் இருக்கும், அல்லது கண்ணுக்கே தெரியாது. இதில் கால் குப்பிக்குத் தண்ணீர் ஆடியது. லேபிளின் ஓரம் கோணலாக ஒட்டி, அடியில் பழைய பசை பிசுபிசுத்தது. டீலருக்குப் போன் போட்டேன். “ரெடி டு யூஸ் மேடம், நீங்க கரைக்கிற வேலை மிச்சம்” என்றார். திரவமாக விற்கிற கம்பெனிகளும் உண்டு என்பதால் சரி என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் மூன்று மாதம் நாசம். ஐஎல்-10 போட்ட குழியில் டிஎன்எஃப் குறையவில்லை, ஏறியது. முதலில் என் கையைச் சந்தேகப்பட்டேன். பிறகு செல்லை மாற்றினோம், சீரத்தை மாற்றினோம். கரண்ட் போய் ஃப்ரீசரின் குளிர் குறைந்ததா என்று செக்யூரிட்டி அண்ணனின் நோட்டைப் புரட்டினோம். கைடு மேடம் கட்டக்கோரைச் சாற்றையே தூக்கிப் போடச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். ஒருநாள் எல்பிஎஸ், சாறு எதுவும் இல்லாமல் ஐஎல்-10 மட்டும் தனியாகப் போட்டேன். அப்போதும் மஞ்சள் நிறம் பளிச்சென்று வந்தது. அடக்க வேண்டியவரே கலவரம் பண்ணுகிறார்.

கொஞ்சத்தை 95 டிகிரியில் பத்து நிமிடம் கொதிக்க வைத்துப் போட்டேன். அந்தச் சூட்டில் புரதம் செத்துவிடும். எண்டோடாக்சின் (எல்பிஎஸ்ஸின் இன்னொரு பெயர்) சாகாது, அதை அழிக்க உலர்வெப்பத்தில் 250 டிகிரி வேண்டும். கொதித்த பிறகும் அதே ஏற்றம். எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்ஸின் பி சேர்த்ததும் ஏற்றம் அடங்கியது. விஷயம் புரிந்துவிட்டது. ஈ.கோலையின் வெளிச்சுவரில் இருப்பதுதான் எல்பிஎஸ், அதுதான் குப்பிக்குள்ளும் இருந்திருக்கிறது. ஒழுங்காகச் சுத்தம் செய்த புரதத்தில் அது ஒரு மைக்ரோகிராமுக்கு 1 யூனிட்டுக்குக் கீழே இருக்கும், ஒரு யூனிட் என்பது சுமார் 0.1 நானோகிராம். இதை அளக்கும் எல்ஏஎல் சோதனை அட்லாண்டிக் கரைக் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து வந்தது. கடல்காரர்களுக்குச் சொல்ல வேண்டாமா என்று இடையில் சொல்லிவைக்கிறேன்.

மிச்சத்தை, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினோம். ஐஎல்-10-க்கு 18 கிலோ டால்டனை ஒட்டி ஒரு பட்டை வர வேண்டும். வெள்ளிச் சாயம் போட்டும் அங்கே ஒன்றும் இல்லை. 66-ல் மட்டும் தடியாக ஆல்புமின். ஆல்புமின் இருப்பது குற்றமில்லை, குப்பிச் சுவரில் புரதம் ஒட்டாமலிருக்க அதைச் சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் ஆல்புமின் மட்டும் வாங்க நான் 14,800 கொடுக்கவில்லை.

கடைசியாகச் செய்ததை முதலில் செய்திருக்க வேண்டும்: லேபிளில் இருந்த லாட் நம்பரைத் தயாரித்த கம்பெனிக்கே மெயில் போட்டேன். மறுநாள் பதில். அந்த நம்பர் 50 மைக்ரோகிராம் உலர் தூளுக்கு உரியது, காலாவதி ஆகிவிட்டது, 10 மைக்ரோகிராம் திரவமாக அவர்கள் விற்றதே இல்லை. டீலர் கொடுத்த அனாலிசிஸ் சர்ட்டிஃபிகேட்டை எடுத்துப் பார்த்தேன். காலாவதித் தேதி இருந்த வரியில் மட்டும் எழுத்து ஒரு சுற்றுப் பெரிது. பெரிய குப்பியை எங்கேயோ வைத்துக் கரைத்து, ஐந்தாகப் பிரித்து விற்றிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

டீலரிடம் கேட்டதற்கு, “உங்க ஊர் வெயில் மேடம், வழியில கெட்டிருக்கும்” என்றார். வெயில் புரதத்தைக் கெடுக்கும், லாட் நம்பரையுமா மாற்றும் என்று கேட்டதும் லைன் கட்டானது. ஒரு மாதம் விரட்டியதில் பாதித் தொகைக்குக் கிரெடிட் நோட் வந்திருக்கிறது. அதை வைத்து அவரிடமே வாங்க வேண்டுமாம்.

மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு எடுக்காத ஊர்க்காரி நான். இப்போது எந்தக் குப்பி வந்தாலும் பிரிக்கும்போதே போட்டோ, லாட் நம்பருக்குக் கம்பெனியின் பதில் வரும்வரை பில்லில் கையெழுத்து கிடையாது. முதல் சோதனையில் புரதம் மட்டும் ஒரு குழி, கொதிக்க வைத்த புரதம் ஒரு குழி.

போன வாரம் அதே டீலரிடமிருந்து, இன்னொரு சைட்டோகைனுக்காகப் போன். “டிஜிஎஃப் பீட்டா புது ஸ்டாக் வந்திருக்கு மேடம், கிரெடிட் நோட்ல கழிச்சுக்கலாம். ரெடி டு யூஸ்தான்.”