ஒற்றை ஒட்டா, மூவழி ஒட்டா, ரகமா? ஆப்பிரிக்கச் சிறு விவசாயியின் மக்காச்சோள விதை

ஆராய்ச்சி நிலைய வயலில் எந்த விதை முதலிடம் பிடிக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒற்றை ஒட்டு என்றுதான் பதில் வரும். இரண்டே இரண்டு தூய வழிகளை (பல தலைமுறை தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்து ஒரே மாதிரியாக்கிய பெற்றோர் வரிசைகளை) சேர்த்து உண்டாக்குவதால் வயல் முழுக்க ஒரே உயரம், ஒரே நேரத்தில் பூ, ஒரே அளவுக் கதிர். 1960இல் அன்றைய தெற்கு ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வெளியான எஸ்ஆர் 52 இந்த வகைதான். ஆனால் அது முற்ற அதிக நாள் ஆகும். நல்ல மழையும் தாராளமான உரமும் வேண்டும். அது பெரும்பண்ணைகளின் பயிர். வறண்ட, மணற்பாங்கான நிலத்தில் ஓரிரு ஏக்கர் வைத்திருந்தவர்களுக்குக் கைகொடுத்தவை பின்னால் வந்த ஆர் 201, ஆர் 215 போன்ற குறுகிய கால மூவழி ஒட்டுகள்.

மூவழி ஒட்டில் முதலில் இரண்டு தூய வழிகளைச் சேர்த்து ஒற்றை ஒட்டு எடுப்பார்கள். அதையே தாயாக வைத்து மூன்றாவது வழியின் மகரந்தத்தைக் கொடுப்பார்கள். இதில் லாபம் விதை உற்பத்தி வயலில் இருக்கிறது. தன் மகரந்தத்தாலேயே ஆறேழு தலைமுறை கருவுற்ற தூய வழிச் செடி நோஞ்சானாக நிற்கும். ஹெக்டேருக்கு 1 முதல் 2 டன் விதை கிடைத்தாலே நல்லது. மூவழியில் தாய்ச்செடியே வீரியமுள்ளது என்பதால் அதே நிலத்தில் இரண்டு மூன்று மடங்கு விதை எடுக்கலாம், மூட்டை விலையைக் குறைக்கவும் இடம் உண்டு. பதிலுக்கு வயலில் உயரம் சற்று ஏறி இறங்கும். கையால் கதிர் ஒடிப்பவருக்கு அது குறையே இல்லை. பூக்கும் நாட்கள் கொஞ்சம் பரவி இருப்பது, நடுவில் ஒரு வாரம் மழை பொய்த்தால் உதவியாகவும் இருக்கும்.

விதை உற்பத்தியில் இரண்டு வகைக்கும் பொதுவான ஆபத்து ஆண் பூங்கொத்து நீக்கத்தில். நான்கு வரிசை தாய்க்கு ஒரு வரிசை தந்தை என்று நட்டால், தாய் வரிசையில் பூங்கொத்து தலைகாட்டியதும், மகரந்தம் கொட்டும் முன் பிடுங்கியாக வேண்டும். பூக்கும் காலம் முழுக்க தினமும் வயலைச் சுற்ற வேண்டும். பக்கக் கிளையில் ஒளிந்து வரும் பூவைத் தவறவிட்டால் தாய் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும். அந்த விதை ஒட்டே அல்ல. அவசரத்தில் மேல் இலைகளையும் சேர்த்து உருவினால் விதை எடை குறையும்.

விவசாயி அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்து வைத்தால் என்ன ஆகும்? ஒப்பீட்டில் எங்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான். பெற்றோர் வழிகளின் சராசரிக்கு மேல் ஒட்டு எவ்வளவு கூடுதலாகத் தருகிறதோ, அதை வழிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மறு ஆண்டு இழப்பு தோராயமாகத் தெரியும். கணக்கு புரிவதற்காக, தூய வழிகள் ஹெக்டேருக்கு 2 டன் தருவதாக வைத்துக்கொள்வோம். ஒற்றை ஒட்டு 6 டன் என்றால் கூடுதல் 4, அதை 2ஆல் வகுத்தால் 2 டன் இழப்பு. மறு ஆண்டு 4 டன். மூவழி ஒட்டு 5.6 டன் என்றால் இழப்பு 3.6இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1.2, மறு ஆண்டு 4.4 டன். முதல் ஆண்டில் பின்தங்கியது இரண்டாம் ஆண்டில் முந்திவிடுகிறது! கையில் காசில்லாத ஆண்டு எந்தக் குடும்பத்துக்கும் வரும். அந்த ஆண்டையும் கணக்கில் சேர்க்காமல் ஒட்டு உருவாக்குவது அரைவேலை.

கலப்பு ரகத்துக்கு, அதாவது வயலில் தாமாகவே ஒன்றுக்கொன்று மகரந்தம் சேர்ந்து தொடரும் விதைக்கு, இந்தச் சரிவு கிடையாது. 1992இல் கானாவில் வெளியான தரமான புரதமுள்ள ஒபாடன்பா, ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளின் இசட்எம் 521 இரண்டும் இந்த வகை. ஆனால் விதை எடுக்கும் முறை தப்பினால் ரகமும் தேயும். களத்தில் குவித்த பிறகு பெரிய கதிராகப் பார்த்து இருபது எடுப்பதுதான் வழக்கமான தவறு. அந்தக் கதிர் பெரிதானதற்குக் காரணம் பக்கத்தில் செடி இல்லாத காலியிடமோ எருக்குழியோரமோ ஆக இருக்கலாம். தவிர, இருபது கதிர் என்றால் நாலைந்து தலைமுறையில் நெருங்கிய உறவுக் கலப்பு வீரியத்தைத் தின்றுவிடும். ஓர வரிசைகளை விட்டு வயலைப் பத்திருபது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சுற்றிலும் அண்டைச் செடி உள்ள நல்ல செடிகளாகக் குறித்து, மொத்தம் 200 கதிராவது எடுக்க வேண்டும். நுனி, அடி மணிகளைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு கதிரிலிருந்தும் ஒரே அளவு மணி. ஈரம் 12 சதவீதத்துக்கு வந்த பிறகே சேமிப்பு. பக்கத்து வயலில் வேறு மக்காச்சோளம் இருந்தால் 200 மீட்டர் இடைவெளி, இல்லையேல் பூக்கும் காலத்தில் மூன்று நான்கு வார வித்தியாசம்.

மகசூல் மட்டும் பார்த்து உருவாக்கிய ஒட்டுகள் மலாவியில் உரலில் தோற்றன. தலையில் குழி விழுந்த, மாவு மென்மையான பள்ளமணி வகை உலக்கை பட்டதும் பொடிந்து தவிட்டோடு போய்விடும்; கூன்வண்டும் எளிதில் துளைக்கும். கெட்டிமணியாக இருந்தால் மேல்தோல் மட்டும் உரிந்து மணி முழுசாக நிற்கும். 1990இல் வந்த எம்எச் 17, எம்எச் 18 ஒட்டுகள் இந்தக் கெட்டித் தன்மையோடு வெளியானவை. கதிர் நுனி வரை இறுக்கமாக மூடிய உறையும் இதே அளவு முக்கியம்.

உரம் குறைந்த, மழை தவறும் நிலத்துக்குத் தேர்வு செய்யும்போது மூன்று வகையிலும் பார்க்க வேண்டியது ஆண் பூவுக்கும் பட்டு இழைக்கும் (மகரந்தத்தை வாங்கும், கதிர் நுனியில் நீட்டும் நூல்) இடையிலான நாட்கள். வறட்சியில் மகரந்தம் நேரத்துக்கு வந்துவிடும், பட்டு பிந்தும். ஒரு வாரம் பிந்தினால் மகரந்தம் தீர்ந்த பிறகு பட்டு நீட்டும். கதிரை உரித்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாக மணி. இரண்டு நாளுக்குள் வரும் வழிகளையே பெற்றோராக வைக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது விதை வாங்க முடிகிற, அடியுரமும் மேலுரமும் கொஞ்சம் போடுகிற குடும்பத்துக்கு மூவழி ஒட்டையே பரிந்துரைக்கிறோம். விதைக் கடை எட்டாத ஊரில், உரமே போடாத நிலத்தில் ரகம். ஒற்றை ஒட்டு, பாசனமோ உறுதியான மழையோ உள்ளவருக்கு. மறுவிதைப்பையும் மறக்கக் கூடாது: ஏக்கருக்கு 10 கிலோ விதைத்து, முதல் மழைக்குப் பின் காய்ந்துபோனால் இன்னொரு 10 கிலோ வேண்டும். ரகம் என்றால் அது வீட்டுப் பானையிலேயே இருக்கும்.