பாளையங்கோட்டையில் ஒரு வளர்ச்சி, ஹார்மோன் ஆலோசனை மையம்: மருமகனோடு மூன்று முறை சென்று வந்த பிறகு

முக்கூடலில் பீடி சுற்றும் என் அக்காவின் மகனுக்கு 14 வயது முடிந்து நான்கு மாதமாகியும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை, வகுப்பில் அவன்தான் குள்ளம். அத்தான் வெளிநாட்டில் இருப்பதால், தாய்மாமனாகிய நானே அவனையும் அக்காவையும் பாளையங்கோட்டையிலுள்ள ஒரு தனியார் ஆலோசனை மையத்துக்கு எட்டு மாதங்களில் மூன்று முறை அழைத்துச் சென்றேன். அதற்கு முன்பு, ஊரில் ஒரு மருந்துக்கடையில் 'வளர்ச்சிப் பவுடர்' என்று கொடுத்த டப்பாக்களுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தோம்.

இந்த மையத்தை நான் மதிப்பதற்கு முதற்காரணம், மருத்துவர் பையனின் இன்றைய உயரத்திலிருந்து தொடங்காமல், அவன் பிறந்தபோது போட்ட அட்டையைக் கேட்டதுதான். பிறந்த எடை 1,900 கிராம் (2,500 கிராமுக்குக் குறைந்தால் எடைக்குறைவு என்பார்கள்). ஆறாவது மாதத்தில் அங்கன்வாடியில் எழுதிய எடை 5 கிலோ 200 கிராம். அந்த வயதில் ஆண் குழந்தைக்குச் சராசரியாக எட்டு கிலோ அளவில் இருக்க வேண்டுமாம்.

அவசரமில்லாமல் அவர் விளக்கியதை என்னால் இயன்றவரை எழுதுகிறேன். ஆண் குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் அதன் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஒருமுறை உயர்ந்து, ஆறு மாத அளவில் தணிந்துவிடுகிறது. விந்தணுக்களைப் பிற்காலத்தில் தாங்கி வளர்க்கப்போகும், விதைகளுக்குள் (விரைகளுக்குள்) உள்ள செர்டோலி செல்கள் கருவிலும் இந்த மாதங்களிலும், பிறகு பருவமெய்துவதற்குச் சற்று முன்பும் பெருகுகின்றன. ஒவ்வொரு செல்லும் ஓரளவு விந்தணுக்களையே பேண முடியும் என்பதால், அவற்றின் எண்ணிக்கையே பின்னாளின் உற்பத்தித் திறனுக்கு எல்லை வகுக்கிறது. கருவிலும் பால்குடிப் பருவத்திலும் பட்டினி கிடந்த எலிகளில் இந்த செல்கள் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 1983–84இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், முதல் 6 மாதங்களில் எடை வேகமாக ஏறிய ஆண்கள் சற்று முன்னதாகவே பருவமெய்தியதும், இளைஞரானபோது அவர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு கூடுதலாக இருந்ததும் தெரியவந்தது. உடலில் கொழுப்புச் சேமிப்பு போதும் என்று லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்கு அறிவித்தால்தான் பருவத்தின் கதவு திறக்கும் என்பதால், பிறகும் உடல் தேறாத பையனுக்கு அது தள்ளிப்போகும்.

"நான் ஒழுங்கா சாப்ட்டிருந்தா இவனுக்கு இப்படி வந்திருக்காதுல்லா, டாக்டரையா?" என்று அக்கா கேட்டபோது, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். குழந்தை மெலிந்ததற்குத் தாயைக் குற்றஞ்சாட்டக் கூடாது, எலியில் கண்டது இவனுக்கும் அப்படியே நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, பருவம் தாமதமாவதும் பிள்ளைப்பேறு இல்லாமற்போவதும் வேறுவேறு என்று மூன்றையும் தனித்தனியாக எடுத்துரைத்தார். அந்த ஒரு பதிலுக்கே 500 ரூபாய் கட்டணம் தகும்.

பரிசோதனையைப் பையனின் சம்மதம் கேட்டு, எங்களை வெளியே அனுப்பிவிட்டுச் செய்தார். 1 முதல் 25 மில்லிலிட்டர் வரை அளவு குறித்த 12 மணிகள் கோத்த ஒரு மாலையோடு ஒப்பிட்டு விதையின் அளவைக் கணிக்கிறார்கள்; 4 மில்லிலிட்டரை எட்டினால் பருவம் தொடங்கிவிட்டதாகப் பொருள். இவனுக்கு 3தான் இருந்தது. இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் முதிர்ச்சி 12 வயதுக்குரியது என்று வந்ததால், வளர இன்னும் இடமுண்டு என்று ஊசி எதுவும் போடாமல் காத்திருக்கச் சொன்னார். பவுடரை நிறுத்திவிட்டு முட்டை, நிலக்கடலை, முருங்கைக்கீரை, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்த உளுந்தங்களி என்று எங்கள் வீட்டில் முடிந்ததையே எழுதித் தந்தார்.

குறைகளும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால் ரத்தத்தைக் காலையிலேயே எடுக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டபோது அதைச் சொல்லாததால், பதினொரு மணிக்குச் சென்ற நாங்கள் மறுநாள் முதல் பேருந்தில் மீண்டும் வர நேர்ந்தது, அக்காவுக்கு இரண்டு நாள் கூலியும் போயிற்று. எடையையும் உயரத்தையும் காத்திருப்போர் முன்னிலையிலேயே அளந்து உரக்கச் சொல்கிறார்கள். கூச்சப்படும் வயதுப் பிள்ளைகள் வருமிடத்தில் இதை உடனே மாற்ற வேண்டும்.

மூன்றாம் முறை சென்றபோது அளவு 5 மில்லிலிட்டர். எடை நான்கு கிலோ கூடியிருந்தது. அடுத்து ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். செல்பவர்கள் காலை எட்டு மணிக்குள் சென்றுவிடுங்கள். பிறந்தபோது போட்ட அட்டை கிழிந்திருந்தாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.