நாகர்கோவில் செய்தி மேசையிலிருந்து: டிஜிட்டல் கருவிகளோடு 12 ஆண்டுகள்

2006ல் நான் நாகர்கோவில் அலுவலகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது களியக்காவிளைச் செய்தி பஸ்ஸில்தான் வரும். நிருபர் மதியத்துக்குள் எழுதி முடித்து, கவரில் போட்டு ஒட்டி, வடசேரி வரும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அப்புறம் எங்களுக்கு போன் செய்து பஸ் நம்பரைச் சொல்வார். இங்கிருந்து ஒரு பையன் சைக்கிளில் போய் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கி வருவான். ஆனி ஆடி மழையில் கவர் நனைந்து மை பரவிவிட்டால், அந்தத் தாளை மேஜை விளக்கில் காயவைத்துப் படித்திருக்கிறோம். அவசரச் செய்திக்கு மட்டும் ஃபேக்ஸ்.

2013ல் அலுவலகத்துக்கு முதல் ஸ்மார்ட்போன் வந்தது. அதிலிருந்து இன்றுவரை எத்தனையோ செயலிகளையும் தளங்களையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். சிலது ஒரு மாதம்கூட நிற்கவில்லை, சிலது இல்லாமல் இன்று பக்கம் முடிக்க முடியாது. வேறு மாவட்டப் பதிப்புகளில் வேலை செய்யும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், எது உண்மையிலேயே பயன்பட்டது என்று என் அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

யாரும் பேசாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: எழுத்துரு. எங்கள் பக்கங்கள் பல ஆண்டுகள் பழைய 8 பிட் எழுத்துருவில்தான் தயாராயின. அதில் 'கொ' என்று அடிக்க, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பு, க, கால் என்று மூன்று அடிக்க வேண்டும். இணையத்துக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் முதலில் க, அப்புறம்தான் உயிர்க்குறி. அதனால் அச்சுக்குப் போன செய்தியை இணையத்தில் போட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். அங்கேதான் தலைவலி. எங்கள் எழுத்துருவில் ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே குறியீட்டு எண்களில் உட்கார்ந்திருந்தன. விபத்துச் செய்தியில் டிஎன் 74 என்று வண்டி எண் வந்தால், மாற்றியபின் அந்த இடத்தில் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகள் நிற்கும். பத்தி நிரப்ப ஆபரேட்டர் வரிக் கடைசியில் என்டர் தட்டியிருப்பார், இணையத்தில் அது 'நாகர்கோ வில்' என்று பிளந்து கிடக்கும். அந்தச் செய்தியைத் தேடுபவருக்கு அது என்றைக்கும் கிடைக்காது.

இதைத் தீர்க்க எங்களுக்கு உதவியது காசு கொடுத்து வாங்கிய பெரிய மென்பொருள் எதுவும் இல்லை. இலவசமாகக் கிடைத்த என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள்தான். தமிழ்99, பழைய தட்டச்சு இரண்டு விசைப்பலகைகளும் அதில் இருந்ததால், தட்டச்சுப் பள்ளியில் படித்து வந்த மூத்த ஆபரேட்டர்கள் விரல் பழக்கத்தை மாற்றாமலேயே யூனிகோடுக்கு வந்தார்கள். நான் தமிழ்99க்கு மாறினேன். க விசையை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகிவிடும். இரண்டு வாரம் தடுமாறினேன், அப்புறம் கை தானாக ஓடியது. பக்க வடிவமைப்புக்கு இன்டிசைன் பயன்படுத்துபவர்கள் அதில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், யூனிகோடுத் தமிழ் உடையாமல் வரும். இது தெரியாமல் நாங்கள் தள்ளிப்போட்ட காலத்தை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான்.

அடுத்து வாட்ஸ்அப். நிருபர்களுக்கென்று ஒரு குழு ஆரம்பித்தோம். அதன் அருமை முழுதாகப் புரிந்தது ஒக்கி புயலில்.

2017 நவம்பர் 30. ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து, மாவட்டமே இருட்டில் கிடந்தது. கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள 8 கடற்கரை ஊர்களிலிருந்து பலர் ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். அவ்வளவு தூரத்தில் கைபேசி எடுக்காது. யார் எந்தப் படகில் போனார் என்ற விவரம் அந்தந்த ஊர்க் கோயிலில் கையால் எழுதிய தாள்களில் இருந்தது. எங்கள் நிருபர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டு, சிக்னல் தேடி பைக்கில் பாறசாலைப் பக்கம் போய், அங்கிருந்து குழுவில் அனுப்பினார். அலுவலகத்தில் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் நாங்கள் கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்தோம். பெயர், தந்தை பெயர், ஊர், படகு, கடைசியாகப் பேசிய நாள், தகவல் சொன்னவர் என்று ஆறு பத்திகள்.

தந்தை பெயர் பத்தி முதலில் இல்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் கரை சேர்ந்த தகவல் வந்தபோது எந்த வீட்டுக்குச் சொல்வது என்று தெரியாமல் விழித்த பிறகுதான் அதைச் சேர்த்தோம். "மக்களே, எம் பையன் பேரு லிஸ்டுல உண்டா?" என்று ஒரு அம்மா நாள் தவறாமல் கூப்பிடுவார். பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துத் தேடிச் சொல்ல அந்த ஷீட்தான் இருந்தது. படகுகள் சில லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் குஜராத்திலும் ஒதுங்கியிருந்தன. லட்சத்தீவிலிருந்து வந்த ஒரு மங்கலான படத்தை நிருபர் ஊரில் காட்ட, பின்வரிசையில் நின்ற இரண்டு பேரை வீட்டார் அடையாளம் கண்டார்கள். அன்றைக்கு ஷீட்டில் இரண்டு வரிகளுக்கு எதிரே 'கரை சேர்ந்தார்' என்று அடித்தது நான். கை நடுங்கியது. பல வரிகளுக்கு எதிரே அதை அடிக்கவே முடியவில்லை.

எங்கள் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அந்த நாட்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஊரில் ஒருவர், அவர் கையில் ஒரு போன், இந்தப் பக்கம் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர். இந்தத் தொடர்பை எந்தக் கருவி பலப்படுத்துகிறதோ அதுதான் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஆகும் என்று அன்றிலிருந்து நான் நம்புகிறேன். அதன் பிறகு வாங்கிய ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

பெரிய சமூக வலைத்தளம் ஒன்றில் நாங்கள் நடத்திய பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சில ஆண்டுகள் கூட்டம் வந்தது. தளத்தின் விதிகள் மாறின, கூட்டம் குறைந்தது. வீடியோ போடு என்றார்கள், போட்டோம். சின்ன வீடியோ போடு என்றார்கள், அதுவும் போட்டோம். அந்தப் பக்கத்துக்காக உழைத்த இரண்டு தம்பிகளின் நேரத்தை நிருபர்களோடு பேசச் செலவழித்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

வதந்தி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் "நாளைக்கு ஸ்கூல் உண்டா சாரே?" என்ற கேள்வியும் வருடத்துக்கு இரண்டு சீசன் வரும். ஓர் ஐப்பசி மாத இரவு, கலெக்டர் விடுமுறை அறிவித்ததாக ஒரு படம் பரவியது. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் மேசையில் இருந்த ஒரு தம்பி அடுத்த இரண்டு நிமிடத்தில் நம் லோகோவோடு போட்டுவிட்டார். படத்தின் மேல் ஓரம் வெட்டப்பட்டிருந்ததை நான் கவனிக்கும்போது மணி பத்தரை. தேதி அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கும். அது முந்தைய ஆண்டு உத்தரவு. உடனே நீக்கினோம். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வதந்திக்கு எங்கள் பெயரே சாட்சி. காலை ஆறு மணி வரை ஆசிரியர்களும் பெற்றோரும் வேன் டிரைவர்களும் கூப்பிட்டபடி இருந்தார்கள். தம்பியைத் திட்ட மனம் வரவில்லை. முந்திக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தானே.

மறுநாள் ஒரு விதி வைத்தோம். விடுமுறை, அணை திறப்பு, கடல் எச்சரிக்கை, மரணம் இந்த நான்கும் எந்த வடிவில் வந்தாலும் பொறுப்பில் உள்ள ஒருவரிடம் போனில் கேட்காமல் போடக்கூடாது. கேட்டவர் பெயரையும் நேரத்தையும் ஷீட்டில் குறிக்க வேண்டும். தவறு வந்தால் சத்தமில்லாமல் அழிக்கக்கூடாது, 'திருத்தம்' என்று நேரம் போட்டு அதே இடத்தில் எழுத வேண்டும். 2018ல் இந்தியாவில் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியதே, அதை நான் மனதார வரவேற்கிறேன். இன்னும் இறுக்கினாலும் சந்தோஷம்.

வெள்ள வீடியோக்களுக்கு கூகுள் லென்ஸ் நல்ல துணை. வீடியோவை நிறுத்தி ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடினால், பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் பிடிபடும். 2021 நவம்பர் வெள்ளத்தில், 2018 கேரள வெள்ளத்தின் காட்சிகளைக் குழித்துறை என்று சொல்லிச் சுற்றவிட்டார்கள். மலையாளப் போர்டு தெரிகிறதே, கேரளம்தான் என்று சொல்லிவிடலாம் என்று வெளியூர் நண்பர்கள் நினைப்பார்கள். விளவங்கோடு பக்கம் மலையாளப் போர்டு இங்கேயும் உண்டு. நாங்கள் பஸ்ஸின் நிறத்தைப் பார்ப்போம். அதுவும் தெரியாவிட்டால் சப்பாத்துப் பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்கு ஒரு போன். "தண்ணி பாலத்துக்கு மேலதான் போகுது, ஆனா வீடியோவுல காட்டுற மாதிரி இல்ல" என்று அவர் சொன்னால் அதுவே எங்களுக்குப் போதும்.

குரல் தட்டச்சு எங்கள் பகுதிநேர நிருபர்களுக்கு வரப்பிரசாதம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், கைபேசியில் தட்டத் தெரியாததால் ஒதுங்க இருந்தவர், இப்போது கைபேசியிடம் பேசியே நாலு பாரா அனுப்புகிறார். ஒற்று விழாது, நிறுத்தக்குறி இருக்காது, பேச்சிப்பாறை 'பேச்சு பாறை' ஆகிவிடும், இரவிபுத்தன்துறை மூன்று துண்டாகும். பரவாயில்லை, திருத்துவதற்குத்தானே டெஸ்க்.

மொழிபெயர்ப்புக் கருவிகளில்தான் கவனம் வேண்டும். தொலைதூரத் தெற்குக் கடலில் எழும் பெரிய அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். அதை எங்கள் கரையில் கள்ளக்கடல் என்பார்கள். 2012ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்ட பெயர் அது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையத்தின் ஆங்கில எச்சரிக்கையை ஒரு கருவியில் போட்டால் 'வீக்க எழுச்சி' என்று வந்தது. முட்டத்திலும் குளச்சலிலும் அதைப் படிக்கிறவருக்கு என்ன புரியும்? 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு வெயிலடிக்கும் அமைதியான கடல் ஆபத்தாகவே தெரியாது. அன்றிலிருந்து கடல் எச்சரிக்கை மட்டும் எந்தக் கருவியிலும் போடுவதில்லை. கையால் எழுதுகிறோம், தலைப்பிலேயே 'கள்ளக்கடல்', அடுத்த வரியில் 'கடலில் இறங்க வேண்டாம்'.

செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றையும் ஆறு மாதம் வைத்திருந்தோம். நீண்ட கூட்டக் குறிப்பைச் சுருக்கத் தந்தால் அழகாகச் சுருக்கும். ஒருமுறை கடைசியில் 'பொதுமக்கள் மகிழ்ச்சி தெரிவித்தனர்' என்று சேர்த்திருந்தது. அந்தக் கூட்டத்தில் பொதுமக்களே இல்லை. தலைப்புக்கு நாலு மாற்று யோசிக்க வைத்துக்கொள்கிறோம், செய்தியைத் தொடவிடுவதில்லை.

பத்திரிகை ஏஜென்ட்டுகள் பக்கமும் சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கில் யாரோ எங்கள் பக்கங்களை பிடிஎஃப் ஆக்கி தினமும் சுற்றவிட்டார்கள். குலசேகரத்தில் முப்பது வருடமாகக் கட்டு எடுக்கும் ஏஜென்ட், "அண்ணே, என் கட்டு என் கண்ணு முன்னாலயே குறையுதே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. பிறகு 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப் சேனல் வசதி இந்தியாவுக்கு வந்ததும் ஒன்றைத் தொடங்கினோம். முழுச் செய்தி போடுவதில்லை. தோவாளைப் பூ விலை, ரப்பர் விலை, மின்தடை, அணை நீர்மட்டம், இறப்பு அறிவிப்பு இவ்வளவுதான். விரிவாக வேண்டியவர் பத்திரிகை வாங்குகிறார். இத்தனை ஆண்டில் பத்திரிகையையும் கைபேசியையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்காமல் ஓட்ட முடிந்தது இதில்தான்.

அதில் எனக்குப் பிடித்தது காலை எட்டு மணி அணைப் பதிவு. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு இரண்டும் 18 அடி என்பது முழுக் கொள்ளளவு. அன்றைய நீர்மட்டத்தை அதனோடு வைத்துப் பார்த்துத்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் நாற்றுப் பாவுவதை முடிவு செய்கிறார்கள். கொஞ்ச நாள் முன்பு அவசரத்தில் பேச்சிப்பாறை 42 அடி என்பதை 24 என்று அடித்துவிட்டேன். மூன்றாவது நிமிடம் போன். அனந்தனார் சானல் கடைமடையில் வயல் வைத்திருக்கும் ஒரு பெரியவர். "மக்களே, நேத்து 42 போட்டியே, ராத்திரியோட ராத்திரி தண்ணி எங்க போச்சு?" என்றார். 'திருத்தம், காலை 8.04' என்று போட்டுவிட்டு அவர் நம்பரைச் சேமித்துக்கொண்டேன். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்க இப்போது நானே அவரைக் கூப்பிடுகிறேன்.